வாசிக்காத சனிக்கிழமை

விடியுமுன்பே நாங்கள் மண்டியிட்டு வேலையைத் தொடங்கியிருந்தோம். கென்டக்கி மலையின் அந்தச் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகை மூன்றடி உயரம்தான். நிமிர இடமில்லை. மண்டியிட்டே வெட்டி, மண்டியிட்டே வண்டியில் அள்ளிப் போட வேண்டும். எச்சில்கூடக் கறுப்பாகத்தான் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தலைக்கு மேல் பாறை முனகியது. கூரைக்கு முட்டு மரம் கேட்டு மூன்று நாளாகியும் வந்திருக்கவில்லை. நான் பின்னால் பாய்ந்தேன். பக்கத்தில் இருந்த லோன்சோவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

லோன்சோ பிடில் வாசிப்பான். அவன் மனைவி வெர்டா பாஞ்சோ வாசிப்பாள், நான் கிதார். எங்கள் பள்ளத்தாக்கில் கல்யாணமோ சாவோ, எங்கள் மூவர் வாத்தியமும் இல்லாமல் நடந்ததில்லை. வியாழக்கிழமை அவனைப் புதைத்தபோது வெர்டா பாஞ்சோவைத் தொடவில்லை.

மறுநாள் காலை நான் வெர்டாவின் வாசலில் இருந்தபோது சுரங்க மேனேஜர் கெட்ரிக் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. சனிக்கிழமை நகரத்திலிருந்து பங்குதாரர்கள் வருகிறார்களாம். மலைப்பாட்டு கேட்க ஆசைப்படுகிறார்களாம். வெர்டாவும் நானும் வாசிக்க வேண்டும், பிடிலுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வருகிறான் என்றார்.

"முட்டு மரம் மூணு நாளா கிடைக்கல. பிடில்காரன் மட்டும் ஒரே நாள்ல கிடைச்சுட்டானா?" என்றாள் வெர்டா.

கெட்ரிக்கின் கழுத்து சிவந்தது. "இது கம்பெனி வீடு. சுரங்கத்துல வேலை பாக்குறவனுக்குத்தான். உன் வீட்டுல இப்ப யார் வேலை பாக்குறா? நாளைக்கு வாசிச்சா வசந்தம் வரைக்கும் இருந்துக்க."

"வீட்டை எடுத்துக்கங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு மூன்று குழந்தைகள். நானும் கம்பெனி வீட்டில்தான் இருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெர்டா என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

சனிக்கிழமை டோலிவர் என்ற அந்தப் பிடில்காரர் மாவுப் பையில் பிடிலைச் சுற்றிக்கொண்டு மலை தாண்டி நடந்து வந்தார். தண்ணீர் கேட்டுத் தட்டிய முதல் கதவு வெர்டாவுடையது. அவள் மோரும் மக்காச்சோள ரொட்டியும் கொடுத்து, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள்.

நான் மேடையில் கிதாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். எதிரே பந்தலில் விருந்தினர்கள் பொரித்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டோலிவர் என் அருகில் வந்து குனிந்தார்.

"செத்தவன் உன்கூட வாசிச்சவனாமே?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் எப்படிப்பா உன்னால இங்க உக்கார முடியுது?"

அவர் பையை மறுபடி கட்டினார். வாசிக்க முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார். நானும் எழுந்து மேடையை விட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை காலை மழை. கம்பெனிக் காவலர்கள் வெர்டாவின் கட்டிலையும் இரும்பு அடுப்பையும் சேற்றில் வீசினார்கள். அடுத்து என் வீட்டுச் சாமான்கள். என் மனைவி குழந்தைகளைப் போர்வையால் மூடிக்கொண்டு தெருவில் நின்றாள்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒருவன் சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு வெர்டாவின் கட்டிலை ஒரு பக்கம் தூக்கினான். மறுபக்கத்தை இன்னொருவன் பிடித்தான். எங்கே கொண்டுபோகிறாய் என்று காவலன் அதட்டினான். "எங்க வீட்டுக்கு" என்றான் அவன்.

இவர்களுக்கு இடம் கொடுப்பவன் வீடும் காலியாகும் என்றார் காவலர்களுக்குப் பின்னால் நின்ற கெட்ரிக்.

"அப்ப எல்லா வீட்டையும் காலி பண்ணுங்க. முட்டு மரம் வர்றவரைக்கும் யாரும் உள்ள இறங்கப்போறதில்ல," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

சுரங்கத்தின் சங்கு ஊதியது. யாரும் சுரங்கத்தை நோக்கி நகரவில்லை. காவலர்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.

வெர்டா என்னிடம் வந்தாள். மழையில் அவள் முகம் கல்லாக இருந்தது.

"சனிக்கிழமை நீ மேடை ஏறுனத நான் மறக்கமாட்டேன்," என்றாள். "இப்ப இந்த அடுப்பப் பிடி. என்னால தனியா தூக்க முடியல."

குனிந்து பிடித்தேன். இரண்டாம் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. துப்பாக்கிகளுக்கு முன்னால், இருவருமாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.