பிணத்தின் கண்ணில் ஆறு பேர்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எழுபத்து நான்காம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற நான் என் கண்ணால் கண்டது. இத்தனை வருடம் கழித்துக் கதையாக்க உட்கார்ந்தேன்.

'அன்று வானம் கறுத்து' (எழுதி அடித்துவிட்டேன். ஸ்டுடியோவுக்குள் ஏது வானம்?)

2

ஜெரால்டின் பைக்ராஃப்ட் அதுவரை பொம்மை முயலை வைத்துக் குழந்தைகள் நிகழ்ச்சி எடுத்தவள். இது அவளுடைய முதல் தொலைக்காட்சி நாடகம். கடைசிக் காட்சியை நாலு மணித் தேநீருக்குள் முடிக்காவிட்டால் மறுபடியும் முயல்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. காட்சி: ஊரை உறிஞ்சிய மில் முதலாளியின் சாவுக்கு ஊரே திரள்கிறது. கிடைத்த துணை நடிகர்கள் ஆறு பேர்.*

* என் நிலைமையும் அதுதான். இந்தக் கதையில் இரண்டு பேருக்குமேல் பேசவைக்க இடமில்லை. மற்றவர்களை வெறும் முகமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3

மணி மூன்றரை. ஜெரால்டினின் கண்ணுக்குள் முயலின் காது ஆடியது.

"ஆறு பேர வச்சு ஊரை எப்படிக் காட்டுறது, வில்ஃப்?"

கேமராக்காரர் வில்ஃப் ஓல்ராய்டு சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பொணத்துக்கு யாரு தெரிவா, கண்ணு?"

"குனிஞ்சு பாக்கறவங்க."

"அவ்வளவுதான். பின்னால ஊரே நிக்குதுன்னு அது நம்பிக்கும்."

"உங்க கேமரா பசுமாடாட்டம் இருக்கு. பெட்டிக்குள்ள எப்படிப் போகும்?"

"மாட்டை யாரு உள்ள விடச் சொன்னா? ஒப்பனை ரூம் கண்ணாடிய உள்ள போடு. நான் மேலேருந்து அதைப் பாக்கறேன். ஆறு மூஞ்சியும் அதுல விழும்."

"கேமராவும் விழுமே."

"கறுப்புத் துணி போத்திடலாம். அகலமான விதவைன்னு நினைச்சுக்குவாங்க."

கண்ணாடி வந்தது. ஆறு பேரும் துக்கத்தோடு குனிந்தார்கள். தங்கள் முகத்தைக் கண்டதும் ஆறு பேரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருவர் பல்லிடுக்கையும் பார்த்தார். மறுபடி எடுத்தாலும் அதே கதை. மணி மூன்று ஐம்பத்தைந்து.

"சாவு வீட்டுல இப்படியா பண்ணுவாங்க?" என்றாள் ஜெரால்டின்.

"இந்த மொதலாளி செத்தா வேற எப்படிப் பண்ணுவாங்க, கண்ணு?"

அவள் வில்ஃபைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "நல்லா சீவிக்கங்க எல்லாரும்," என்றாள். "ஓடட்டும் கேமரா."

4

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன்.

(அ) நாலு அடிக்கும்போது காட்சி முடிந்தது. அவள் அதன்பின் முயல் முகத்தில் விழிக்கவில்லை.

(ஆ) கடைசி நொடியில் அகலமான விதவை கறுப்புத் துணிக்குள்ளிருந்து தும்மிவிட்டாள். ஜெரால்டின் முயலிடம் திரும்பிப்போய், அதைக் கேரட்டின் கண்வழியாக

(இதையும் அடிக்கலாமா? உங்கள் இஷ்டம்.)

ஒளிபரப்பான காட்சியைப் பார்த்துவிட்டு நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் சத்தியமாகச் சொன்னால், அது வானொலி நாடகம்.