இருபத்திரண்டு மில்லிமீட்டர்

போதகர் வந்தபோது அவள் ஸ்கேன் கருவியின் தலையில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளை. வெளியே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பதினாறு வருடமாக இந்த மருத்துவமனையின் இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் வயிற்றையும் நெஞ்சையும் படம் எடுக்கிறவள் என்பதால் சபையில் அவளுக்கு ஸ்கேனம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. போதகர் உள்ளே வராமல் கதவோரமாகவே நின்றார். மருந்து வாசனை அவருக்கு ஆகாது.

"ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல நீங்க எழுந்து சொல்லணும் ஸ்கேனம்மா. தங்கச்சிக்குக் கர்த்தர் செஞ்சதை. படம் எடுத்தவங்க நீங்க. உங்க வாயால வந்தா அதுக்கு மேல பேச்சில்ல."

"என்னன்னு சொல்லணும் ஐயா?"

"கட்டி போயிடுச்சுன்னு."

"குறைஞ்சிருக்கு ஐயா. இன்னும் போகல."

அவர் கோபப்படவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "குறைஞ்சதுன்னு கண்ணு சொல்லுது. போயிடுச்சுன்னு விசுவாசம் சொல்லுது. விசுவாசத்துல முந்திச் சொல்றது பொய்யாகாதும்மா."

"சரி ஐயா," என்றாள். அது அவள் சொன்னதல்ல, பழக்கம் சொன்னது. அவர் போன பிறகுதான் ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட கருவியை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

போதகரிடம் அவள் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அப்பா இறந்த அன்று தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தவர் அவர். பரீட்சையில் தோற்று இனி படிக்கவே மாட்டேன் என்று அவள் மூலையில் முடங்கியபோது தினமும் சாயந்திரம் வந்து, புத்தகத்தைத் திறக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதனால் அவர் நாற்காலி அடுக்கச் சொன்னால் அடுக்குவாள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் எடுப்பாள். ஜெபம் முடிந்து உட்காரச் சொல்ல ஐயா மறந்துவிட்டால் ஸ்கேனம்மா அடுத்த வாரம்வரை நின்றுகொண்டே இருப்பாள் என்று சபையில் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் இது நாற்காலி விஷயம் அல்ல. நான்கு மாதத்துக்கு முன் தங்கையின் மார்பில் இருந்த கட்டி முப்பத்தொரு மில்லிமீட்டர். மூன்று முறை மருந்து ஏற்றிய பிறகு, போன வாரம், இருபத்திரண்டு. இரண்டையும் அளந்தது அவள் கைதான். நன்றாகக் குறைகிறது, இன்னும் மூன்று முறை ஏற்றிவிட்டு அறுவை செய்துவிடலாம் என்றார் டாக்டர். தங்கை காதில் முதல் பாதிதான் விழுந்தது. அதே மாதம் சபை ஏழு நாள் உபவாசம் இருந்து ஜெபித்திருந்தது. அவளும் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு முழங்காலில் நின்று அழுதவள்தான். அந்த ஒன்பது மில்லிமீட்டரில் மருந்து எவ்வளவு, ஜெபம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளிடம் கருவி எதுவும் இல்லை.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். தையல் இயந்திரத்தில் யாரோ கொடுத்த பள்ளிச் சீருடை பாதி தைத்தபடி நின்றது. தங்கை பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம்கூட உதிர்ந்துவிட்டதில் அவள் முகம் எதைக் கேட்டாலும் வியப்பதுபோல இருந்தது.

"திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வரல," என்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டேல்ல?"

"கேட்டேன். உனக்கென்ன, படம் எடுத்துட்டு அனுப்பிடுவ. வாந்தி எடுக்கறது நான். எதைத் தின்னாலும் துருப்பிடிச்ச ஆணியை நக்கற மாதிரி இருக்கு. எம் பொண்ணு என்னைப் பார்த்துப் பயப்படறா." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "கட்டி போயிடுச்சுன்னு ஐயா சொன்னதுக்காக மட்டும் நான் மருந்தை விடல. கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கேன். நாளைக்கு நீ எழுந்து சொன்னா, அதுதான் எனக்கு அடையாளம்."

"என்னை ஏன்டி இதுல இழுக்கற?"

"உனக்குத்தான் பொய் வராது. சின்ன வயசுல நான் தட்டை உடைச்சப்பகூட உன்னால மறைக்க முடியல. அடி வாங்கிக் கொடுத்தவதானே நீ."

சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"படத்தை நீயும்தானே பார்த்த. அது இருக்குடி."

"எனக்குத் தெரிஞ்சது ஒரு கறுப்பு நிழல். ஏன், நீ நம்பலையா?"

பஸ்ஸில் வரும்போதும், வீட்டில் துணி மடிக்கும்போதும் அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது. ஒருவேளை பயம்தான் தன்னைத் தடுக்கிறதோ? பதினாறு வருடம் நிழல்களையே பார்த்துப் பார்த்துக் கண் அவிசுவாசத்துக்குப் பழகிவிட்டதோ? தான் எழுந்து சொல்லாததாலேயே நடக்க வேண்டியது நடக்காமல் போய்விட்டால்? சரி, சொல்லிவிடலாம் என்று முடிவெடுப்பாள். உடனே தங்கையின் பெண் நினைவுக்கு வருவாள், முடிவு கலைந்துவிடும். ஏதாவது ஒரு வார்த்தை பேசும் ஆண்டவரே என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மேல்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்தான் கேட்டது.

ஞாயிறு காலை கூடம் நிரம்பியிருந்தது. தங்கை இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. காய்ச்சல் தீர்ந்த ஒருவரும், வேலை கிடைத்த ஒருவரும் சாட்சி சொல்லி முடித்ததும் போதகர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நம்ம ஸ்கேனம்மா ஒரு பெரிய காரியத்தைச் சொல்லப் போறாங்க."

தலைகள் திரும்பின. அவள் உடம்பு தானாகவே பாதி எழுந்துவிட்டது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துத் தன்னைத்தானே கீழே இழுத்து உட்கார வைத்தாள்.

"வாங்கம்மா," என்றார் மறுபடியும், அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

"என்னால முடியல ஐயா," என்றாள். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

போதகர் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். பதற்றத்தில் குரல் மிகவும் மேலே போய்விட, கூடப் பாடுகிறவர்கள் எட்டிப்பிடிக்க முடியாமல் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கடைசி வரியை அவர் தனியாகவே பாடி முடித்தார். அப்போதுதான் தங்கை மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரீட்சை முடிவு தெரிந்துவிட்ட பெண்ணின் முகம் அது. பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் யாரும் அவளிடம் நின்று பேசவில்லை. ஒரு வார்த்தைதானே, அதற்குக்கூடவா மனசு வரவில்லை என்று யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. போதகர் மட்டும் படியருகே காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றியதும் வயது தெரிந்தது.

"ஜெபத்துல கர்த்தர் எனக்குச் சொன்னது நிஜம்தாம்மா."

"இருக்கலாம் ஐயா. படத்துல இருக்கறதும் நிஜம்."

"அப்போ நான் என்ன செய்யறது?"

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. "தெரியல ஐயா," என்றாள். அவர் வாசல் கதவைச் சாத்தப் போனார்.

திங்கள் காலைவரை தங்கை போனை எடுக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்குக் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோதும் அக்காவின் காது நடைக்கூடத்திலேயே இருந்தது. பத்தரைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. இல்லாத ஒரு ஃபைலைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு மருந்து ஏற்றும் அறைக்குப் போனாள்.

ஜன்னலோரக் கடைசி நாற்காலியில் தங்கை சாய்ந்திருந்தாள். ஊசி ஏற்கெனவே ஏறியிருந்தது.

"உனக்காக வரல," என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமலேயே.

"தெரியும்."

"கோபம் இன்னும் போகல."

"இருக்கட்டும்."

"நீ சொன்னா என்ன செய்யணும்னு கர்த்தர்கிட்ட கேட்டு வச்சிருந்தேன். சொல்லாட்டி என்ன செய்யணும்னு கேக்க மறந்துட்டேன். ராத்திரியெல்லாம் அவர்கூடச் சண்டை."

"யார் ஜெயிச்சா?"

தங்கையின் உதடு ஒருபக்கம் கோணியது. சிரிப்பாக இருக்கலாம். ஊசி குத்தாத கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினாள். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துக்கொண்டாள். அது ஜில்லென்று இருந்தது.

"பிடிச்சிருக்கியா?" என்றாள் தங்கை.

"பிடிச்சிருக்கேனே, தெரியலையா?"

"போன தடவையிலிருந்தே விரலெல்லாம் மரத்துப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. தொட்டாத் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "விட்டுடாத."

அக்கா இன்னும் இறுக்கமாகப் பிடித்தாள். தங்கையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மேலே, மருந்துக் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.