ஒரே மீனை மூன்று முறை விற்றது பற்றி

2

இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகைக்காக எழுத ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு டியெப் ஒருநாள் என் மீன்கடைக்கு வந்தாள்.

"முய் அக்கா, நீங்கதான் மாகாணப் பத்திரிகையில கதையெல்லாம் எழுதுறீங்களே. எங்க படித்துறைக்கு ஒரு பத்து வரி எழுதிக் குடுங்க. ஆறு, படகு, மீன் புடிக்கிறது, சமைக்கிறது எல்லாம் வரணும். படிக்கிறவங்களுக்கு எச்சில் ஊறணும்."

டியெப்பும் அவள் கணவன் கோனும் நகரத்துக்காரர்களைப் படகில் ஏற்றி, மீன் பிடிக்கவைத்து, பிடித்ததை அவர்கள் கையாலேயே சமைக்கவைத்து, வயிறு நிறைய அனுப்பிவைப்பவர்கள். உட்கார்ந்து எழுதினேன். 'வாருங்கள்! உங்கள் கையால் நீங்களே பிடித்த மீன்' என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. அது பொய். அந்தப் பொய்யை உயிரோடு எடைபோட்டு விற்பவளே நான்தான்.

பலகை இன்னும் காலியாக இருக்கிறது. பத்து வரிக்குப் பதிலாக இது வந்தது.

(எண் இரண்டில் தொடங்குவதை அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வியட்நாமில், மேக்கோங் ஆற்றுப் பக்கம் எங்கள் வீடுகளில் மூத்த பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கதைக்கு மட்டும் தனிச் சட்டமா?)

3

முதலில் எழுதிய தொடக்கம்:

'விடியற்காலை மூடுபனியில் ஆறு ஒரு வெண்பட்டைப்போல

[அன்றைக்கு ஆறு பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்றையும் இரண்டு வாழைமட்டைகளையும் இழுத்துக்கொண்டு போனது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

'மீன் வியாபாரி வின் நேர்மையானவர். அடர்ந்த மீசை. அவருடைய தராசு ஒருநாளும்

[இந்த வின் நான்தான். எனக்கு மீசை கிடையாது. பழியை ஓர் ஆம்பளை தலையில் கட்டிவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அவர் என்னைவிட நல்லவராகிக்கொண்டே போனார். நாலாம் பக்கத்தில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். பொறுக்க முடியவில்லை. கதையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டேன்.]

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

கோன் என்ற பெயருக்கு எங்கள் மொழியில் புத்திசாலி என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். முன்பு முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சந்தைப் பக்கம் கண்ணாடி, குளிர்சாதனம் எல்லாம் வைத்து ஒரு புதுக்கடை வந்ததும் இவர் கடைக்கு ஆள் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு நாலு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மூங்கிலைப் பிளந்து, வாய்க்காலில் அமிழ்த்தி மீன் பிடிக்கும் கூடு பின்ன ஆரம்பித்தார். அவர் பின்னுகிற கூட்டுக்குள் ஒரு பூனை நுழைந்து, திரும்பி, சோம்பல் முறித்துவிட்டு வெளியே வரலாம். மீனுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒரு வாரம் வெறுங்கூட்டைத் தூக்கினார். எட்டாம் நாள் விடிவதற்குள் டியெப் என்னிடம் ஒரு யானைக்காது மீனை உயிரோடு வாங்கிப்போய், கூட்டுக்குள் விட்டு, ஓட்டையை வைக்கோலால் அடைத்துவிட்டு வந்தாள். அன்றைக்குக் கோன் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அவர் பாட்டு சகிக்காது. ஆனாலும் டியெப் அழுதுவிட்டாள்.

அந்தத் தெம்பில்தான் விருந்தாளிகளைப் படகில் ஏற்ற ஆரம்பித்தார். அதிலிருந்து இரண்டு வருடம், விருந்தாளி வரும் நாளெல்லாம் ஒரு மீன். கோனுக்கு இன்றுவரை தெரியாது.

[இந்த வரி எழுதும்போது தெரியாது என்றுதான் எழுதினேன். கீழே ஏழாம் பகுதியில் தெரிந்துவிடுகிறது. திருத்த மனமில்லை.]

4

என் பங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் வாய்க்கால் பெரிய ஆற்றில் சேரும் முனையில்தான் என் கடை. பௌர்ணமியன்று மக்கள் கோயில் படியிலிருந்து புண்ணியத்துக்காக மீன்களை உயிரோடு வாய்க்காலில் விடுவார்கள். அன்றைக்கு நான் வாய்க்கால் முனையில் குறுக்கே ஒரு வலை கட்டுவேன். அவர்களுக்குப் புண்ணியம், எனக்கு மீன். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கதை நடந்தது அப்படி ஒரு பௌர்ணமி. சைகோனிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்து இறங்கினார்கள். மூத்தவர் லியூ அம்மா, அறுபத்தாறு வயது, கணவர் போய் எட்டு மாதம். இளையவர் சுயென். அக்காவை வீட்டைவிட்டு வெளியே இழுத்துவரத்தான் அவர் இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார். பௌர்ணமியன்று அக்கா மீன் தொடமாட்டார்; இவர் தேதியைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தார்.

கோன் இருவருக்கும் பழுப்பு நிற வயல் உடுப்பும் ஓலைத் தொப்பியும் கொடுத்துப் படகில் ஏற்றினார். முதல் கூடு காலி. இரண்டாவது காலி.

"மூணாவதுல இருக்கு பாருங்கம்மா. எனக்குக் கை அரிக்குது," என்றார் கோன்.

"எனக்கு வயிறு அரிக்குது, சீக்கிரம் போங்க," என்றார் சுயென்.

மூன்றாவது கூட்டில் யானைக்காது மீன். தட்டையான உடம்பு, தடித்த உதடு, புடைத்த நெற்றி. வாலின் மேல்முனையில் யாரோ கடித்ததுபோல ஒரு வெட்டு. லியூ அம்மா அதைப் பார்த்தார். அது லியூ அம்மாவைப் பார்த்தது.

"இன்னைக்குப் பௌர்ணமி. விட்டுடுங்க," என்றார்.

"அக்கா! இத நிக்க வெச்சு மொறுமொறுன்னு பொரிச்சு, அரிசித் தாள்ல கீரையோட சுருட்டி..."

"விடுங்கன்னு சொன்னேன்."

விட்டார்கள். கோன் கலங்கவில்லை. "என் கூட்டுக்கு மீனுக்கா பஞ்சம்? டீ குடிச்சிட்டு இன்னொரு சுத்து போவோம்."

கரையில் நின்ற டியெப்பின் முகம் வெளிறியது. எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இன்னொரு மீன் உடனே வேணும்."

நீர் வடியும் நேரம். என் வலை ஆடிக்கொண்டிருந்தது. தூக்கினேன். வாலில் வெட்டு.

அன்றைக்கு என்னிடம் உயிரோடு இருந்த ஒரே யானைக்காது மீன் அதுதான். கொடுத்தேன்.*

* இனாமாகக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்புறம் கேட்டுக்கொண்டேன்.

5

டீ குடித்து முடிப்பதற்குள் டியெப் ஸ்கூட்டரில் பறந்துவந்து மீனை முதல் கூட்டில் விட்டாள். கோன் கூட்டைத் தூக்கினார்.

லியூ அம்மா குனிந்து பார்த்தார். "சுயென், இது அதே மீன்டி."

"மீனுக்கெல்லாம் ஒரே மூஞ்சிதான்க்கா."

"இல்ல. நான் புதுசா சேலையோ சட்டையோ வாங்கிட்டு வந்தா, பையத் திறக்கிறதுக்கு முன்னாடியே இப்படித்தான் ஒருத்தர் பாப்பாரு."

[லியூ அம்மா சேலை கட்டுவதில்லை. 'ஆவ் சாய் வாங்கிட்டு வந்தா' என்றுதான் சொன்னார். அந்த நீண்ட அங்கியை விளக்கிக்கொண்டிருந்தால் மீன் செத்துவிடும்.]

சுயென் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, வேணாம். அத்தான மீன் ஆக்கிடாத. எனக்குப் பசிக்குது."

மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் என் வலை ஆடியது.

இந்தமுறை டியெப் வாளிக்குள் உற்றுப் பார்த்தாள். "அக்கா, இந்த மீன எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"சின்ன ஊரு. எல்லாரும் எல்லாரையும் பாத்திருப்பாங்க," என்றேன்.

6

மூன்றாவது முறை நானும் டியெப்போடு போய்க் கரையில் நின்றேன். என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை. எழுதுகிறவர்களுக்கு இருக்கும் கெட்ட புத்தி.

கூடு மேலே வந்தது. லியூ அம்மா வாளியில் தண்ணீர் மொண்டு, மீனை அதில் விட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க," என்றார். "நீங்கதானா?"

மீன் வாயைத் திறந்தது.

"பீரோ சாவிய எங்க வெச்சீங்க? எட்டு மாசமா தேடுறேன். சாமி மாடத்துக்குப் பின்னாடியா?"

மீன் வாயைத் திறந்தது.

"ஆமாங்கறாரு! சுயென், ஆமாங்கறாரு!"

 யானைக்காது மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் எல்லாக் கேள்விக்கும் அதன் பதில் ஆம்தான்.

கோன் பெருமையோடு தலையை ஆட்டினார். "என் கூட்டுக்கு எல்லாரும் வருவாங்கம்மா."

அப்புறம் லியூ அம்மாவின் குரல் இறங்கியது. "நான் உங்களுக்குக் கஞ்சி வாங்கத்தானே கீழ போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம். பத்து நிமிஷம். பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? திரும்பி வந்து பாத்தா படுக்கைய மடிச்சிட்டு இருக்காங்க. கஞ்சி சூடா இருந்துச்சு. யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியல."

மீன் வாயைத் திறக்கவில்லை. சுயென் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோன் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

[இந்த இடத்தில் சிரிப்பாக ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த வரிக்கு இன்னும் வேறு இடம் கிடைக்கவில்லை.]

கொஞ்ச நேரம் கழித்து லியூ அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பாவம், இந்த வாய்க்கால்லயே சுத்திச் சுத்தி வராரு. எப்பவுமே இப்படித்தான், வழி தெரியலன்னா யாரையும் கேக்க மாட்டாரு. பெரிய ஆத்துல கொண்டுபோய் விட்டாத்தான் போய்ச் சேருவாரு. படக அங்க விடுங்க."

பெரிய ஆற்றுக்குப் போக ஒரே வழி. அந்த வழியில் என் வலை.

7

இங்கே கதையை வேறு திசையில் திருப்பப் பார்த்தேன். ஒரு வடிவத்தில் திடீரென்று மழை கொட்டுகிறது, எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். இன்னொன்றில் நான் குறுக்குவழியாக ஓடி வலையை அறுத்துவிடுகிறேன். அதில் நான் மிக வேகமாக ஓடுகிறேன். என் முட்டியைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இது. நானும் டியெப்பும் படகில் ஏறிக்கொண்டோம். அரை கிலோமீட்டர் தூரம். முனைக்கு வந்ததும் கோன் துடுப்பை நிறுத்தினார்.

"முய் அக்கா, உங்க வலை குறுக்க இருக்கே. கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். காலையில் கோயிலில் விட்ட இரண்டு கெண்டை, ஓர் ஆமை, மூன்று விலாங்கு. எல்லாம் என்னைத்தான் பார்த்தன.

லியூ அம்மா வலையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். டியெப்பின் ஸ்கூட்டர் ஏன் காலையிலிருந்து கரையோரமாகவே ஓடிக்கொண்டிருந்தது என்று யோசித்தார் போலிருக்கிறது. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எத்தன தடவ வித்த?"

"மூணும்மா."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு பெண்ணின் துக்கத்தை நான் தராசில் போட்டிருக்கிறேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

லியூ அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று சுயென் பதறி அவர் கையைப் பிடித்தார். அழவில்லை.

"முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ்ல ஒரே நாற்காலி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "உயிரோட இருந்தவரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரு தடவகூட நல்ல விலை கிடைக்கல. ஒரே நாள்ல மூணு தடவ வித்திருக்க!"

சுயென் வெடித்துச் சிரித்தார். படகு சாய்ந்தது. டியெப் சிரிக்கலாமா என்று தெரியாமல் சிரித்தாள். கோன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் துடுப்போடு உறைந்துபோய் நின்றார்.

"அப்போ," என்றார் மெதுவாக, "ரெண்டு வருஷமா நான் புடிச்ச மீனெல்லாம்?"

டியெப் படகின் அந்த முனைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க புடிச்சதுதாங்க. வழி தெரியாம இருந்துச்சு. நான் கொண்டுவந்து விட்டேன், அவ்வளவுதான்."

கோன் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். "ஓட்டை பெருசோ?"

"கொஞ்சம் பெருசுதாங்க."

"முன்னாடியே சொல்லியிருந்தா சின்னதாப் பின்னியிருப்பேனே," என்றார். பிறகு அவள் தொப்பி சரிந்திருப்பதைப் பார்த்துச் சரிசெய்தார். காதோரம் தொங்கிய முடியைப் பழக்கத்தில் இரண்டு விரலால் அளந்தார். "ஒழுங்கா வெட்டல. யாருகிட்ட வெட்டின?"

டியெப் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அது அந்தப் புதுக்கடையில் வெட்டியது. அதைப் பற்றி நான் கதை எழுதுவதாக இல்லை.

8

படகு வலையைத் தாண்டிப் பெரிய ஆற்றுக்குள் வந்தது. லியூ அம்மா வாளியைத் தூக்கி விளிம்பில் வைத்தார். சாய்க்கவில்லை.

"இது அவர் இல்ல," என்றார்.

"இல்லக்கா," என்றார் சுயென்.

"வெறும் மீன்."

"நல்ல கொழுத்த மீன்க்கா."

"ஆனா அவர்கிட்ட சொல்ல வேண்டியத எல்லாம் இதுகிட்டதானடி சொன்னேன்." லியூ அம்மா யோசித்தார். பௌர்ணமி. தங்கையின் வயிறு இரைவது எனக்கே கேட்டது. வீட்டில் டியெப் அரிந்துவைத்த அன்னாசியும் கழுவிவைத்த கீரையும் காத்திருந்தன. மீன் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு, பை பிரிக்கப்படுவதற்கு முன் பார்க்கும் அந்தப் பார்வையைப் பார்த்தது.

லியூ அம்மா வாளியைத் தூக்கி என் கையில் திணித்தார். "நீதானே வித்தவ. நீயே முடிவு பண்ணு. விடறதா, பொரிக்கிறதா?"

முடிவு செய்தேன். நடந்தும் முடிந்தது. ஆனால் லியூ அம்மா பேருந்தில் ஏறும்போது சன்னல் வழியாக, "கதை எழுதுவியாமே, எல்லாத்தையும் எழுது, அத மட்டும் எழுதாத," என்றார். ஏன் என்று கேட்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

அதோடு, மீன் விற்கிறவள் என்ற முறையிலும் எனக்கு ஒரு நியாயம் உண்டு. விற்பதுவரைதான் என் வேலை. அதைக் குழம்பு வைப்பதா, பொரிப்பதா, ஆற்றில் விடுவதா என்பதெல்லாம் வாங்கினவர் பாடு. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்; நாலாவது முறையாக, உங்களிடம் விற்றாயிற்று.

இந்தாருங்கள் வாளி. கனமாக இருக்கும், இரண்டு கையாலும் பிடியுங்கள். அது வாயைத் திறந்தால் நம்பிவிடாதீர்கள்.