படைப்பாளி: இல்லை

பிரிக்பீல்ட்ஸ் கண்காட்சிக் கூடத்தில் படங்கள் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டை. ‘படைப்பாளி: இல்லை’ என்று அச்சடித்திருந்தது.

புனிதாவுக்குச் சுருக்கென்றது. கிள்ளானில் பேனர் கடை வைத்திருப்பவள் அவள். கடையில் இத்தனை வருடம் அடித்த பேனர்களையெல்லாம் கணினிக்குக் காட்டிப் படம் போட வைத்தவள். அது கக்கியதில் குப்பையைக் கழித்து, நல்லதை எடுத்தவளும் அவளே.

“என் பேரு எங்க சார்?”

விமர்சகர் சுகுமாறன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்காட்சி அவர் ஏற்பாடு. “பேரு போட்டா எல்லாம் போச்சும்மா. இது மனுசன் கை படாத கலை. கட்டுரையே எழுதிட்டேன்.”

“படத்தப் பாக்குறதுக்கு முன்னாடியேவா?”

“பாத்தா பார்வை கெட்டுடும்.”

கூட்டம் சேர்ந்தது. அவர் பெரிய படத்தின் முன் நின்று வாசித்தார்.

“இது சிவப்பாக இருக்க மறுக்கும் சிவப்பு. இந்த மஞ்சள் தன் இன்மையை உரக்க மௌனிக்கிறது. இங்கே முகம் இல்லை. முகத்தின் சாத்தியமும் இல்லை. ‘நான்’ செத்துப்போன வெளி இது.”

கைதட்டினார்கள். புனிதா அழைத்திருந்த கோயில் கமிட்டித் தலைவர் நாகையா மட்டும் தட்டவில்லை. மூக்கு உரசும் அளவுக்குப் படத்தருகே போயிருந்தார்.

“ஏ புனிதா, இது என் பொன்னாடை லா!”

“எதுண்ணே?”

“இந்த மஞ்சள்தான். போன திருவிழா பேனர்ல போட்டிருந்தேனே. பாரு, செயலாளர விட நான்தான் பெருசா இருக்கேன்.” படத்தோடு சேர்ந்து நின்று ஃபோனில் எடுத்துக்கொண்டார்.

சுகுமாறன் புனிதாவைப் பார்த்தார். “என்ன சொல்றாரு?”

“எல்லாம் எங்க கடை பேனர்லேருந்து வந்ததுதான் சார். திருவிழா, கல்யாணம், தீபாவளி வாழ்த்து. யார் மூஞ்சி பெருசுன்னு என் கடையில சண்ட போடாத தலைவரே கிடையாது. அவ்வளவு மூஞ்சியும் உள்ள இருக்கு.”

அவர் கட்டுரையை மடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு விருது குடுத்தப்ப பங்சார்ல ஒரு பேனர் வச்சாங்க. அதுவும் உங்க கடையா?”

“ஆமா சார். மூஞ்சி சின்னதா இருக்குன்னு நீங்களே ஃபோன் பண்ணீங்க.”

சுகுமாறன் கண்ணாடியை மாட்டினார். முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பழுப்புத் தீற்றலின் மேல் விரல் வைத்தார்.

“இது நான்தானே?”

கணினி எல்லாரையும் போட்டுக் குழைத்திருந்தது. அதிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது. நாகையாவையும்தான்.

“படைப்பாளியத்தான் கேக்கணும் சார்.”

அவர் பேனாவை எடுத்தார். அட்டையில் ‘இல்லை’யை அடித்து ‘புனிதா’ என்று எழுதினார்.

“கிள்ளான்னும் போடுங்க.”

போட்டார்.

“மத்த படத்துக்கும் சார்.”

சுவர் சுவராகப் போய் எழுதிவிட்டு வந்தார். “இப்ப சொல்லும்மா.”

“நீங்களும் உள்ள இருக்கீங்க சார்.”

“நாகையாவ விடப் பெருசாவா?”

“தள்ளி நின்னு பாருங்க.”

அவர் தள்ளி நின்றார். புனிதா அந்த இடத்தில் போய் நின்றாள். கோணியிருந்த அட்டையை நேராக்கினாள். தன் பெயரோடு சேர்ந்து நின்று ஃபோனில் எடுத்துக்கொண்டாள்.