முப்பத்தாறு வயது மூச்சு

பாட்டின் இரண்டாவது அடி முடிந்து டிராம்போன் என்கிற பித்தளைக் குழல் உள்ளே வந்தபோது எவரிஸ்ட் மெட்டோயர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கியிலிருந்து வந்த நாதம் தயங்காமல் ஏறியது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, வழுக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய், உச்ச ஸ்வரத்தைத் தொட்டு, பாலத்தின் மேல் வேலையில்லாமல் நின்று ஆற்றைப் பார்க்கிறவனைப் போல அங்கே நிதானமாக நின்றது. பிறகு மனமில்லாமல் இறங்கியது. அதன் முதுகிலேயே ஒடெட்டின் குரல் ஏறிக்கொண்டது. சோபாவில் சரிந்திருந்த ஹோமர் தலையை ஆட்டினார். ஐம்பது வருஷமாக எவரிஸ்டுக்குப் பியானோ வாசிக்கிறவர் அவர். சும்மா தலையாட்டுகிற ஆளில்லை.

எவரிஸ்ட் மட்டும் தலையாட்டவில்லை. போன வியாழக்கிழமை இதே ஸ்டுடியோவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த இடத்தை அவர் திரும்பத் திரும்ப ஊதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் உச்சியில் ஸ்வரம் கீறல் விழுந்து உடைந்தது. ஈறு கெட்டுப்போய் மேல்வரிசைப் பற்களை எடுத்துப் பல்செட் வைத்துக்கொண்ட பிறகு அப்படித்தான். ஊதுவாயை உதட்டில் அழுத்தினால் பின்னால் தாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. நழுவும் பிளாஸ்டிக் மட்டும்தான். அன்று கிளம்பும்போது எல்லாரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். நன்றாக வந்திருந்தால் யாரும் அப்படி ஒரே குரலில் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது கேட்டதில் கீறல் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, ஒலிப்பதிவு செய்கிற வெண்டல் கெட்டிக்காரன், கம்ப்யூட்டரில் என்னவோ செய்து ஒட்டியிருக்கலாம். ஆனால் மூச்சு? ஊதுகிறவனுக்குத் தன் மூச்சு தெரியும். இந்த இரண்டு வருஷமாக அவர் வாயின் ஓரத்தால் காற்றை இழுக்கிறார். பழைய துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். ஒலிபெருக்கியில் கேட்டது மூக்கால் இழுத்த சின்ன, திமிரான ஒரு மூச்சு. அந்த ஸ்வரத்தைச் சுற்றி உயரமான கூரை இருந்தது. மரத்தளம் போட்ட பெரிய கூடம் இருந்தது. நியூ ஆர்லியன்சில் இந்த ஒடுக்கமான வீட்டின் பின்னறையில் அப்படி ஒரு கூரை கிடையாது.

"யாரு ஊதுனது இது?" என்றார்.

வெண்டல் பித்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான், மிஸ்டர் எவரிஸ்ட்."

"நான்தான். எந்த வருஷத்து நான்?"

ஹோமர்தான் கனைத்துவிட்டு வாயைத் திறந்தார். "சின்னப் பய நல்லாத்தான் ஊதுறான் வரிஸ். அவனுக்குப் போன் போட்டு வரச் சொல்லு, இந்தக் கிழவனை வீட்டுக்கு அனுப்பிரலாம். திங்கக்கெழம வேற, ஊரே சாப்பிடுற பீன்ஸ் சோறு வீட்டுல ஆறிப்போவுது."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒடெட், "வெண்டலைக் கேக்காதீங்க. நான்தான் பழச எடுத்து வைக்கச் சொன்னேன்," என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நியூயார்க்கில் பதிவான இசைத்தட்டு அது. எவரிஸ்டின் பெயர் சொன்னால் ஜாஸ் கேட்கிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். பதினைந்து வயதில் சவ ஊர்வலங்களுக்குப் பின்னால் ஊதிக்கொண்டு போனவர், கடற்படைப் பட்டாளத்தின் இசைக்குழுவில் சேர்ந்து, பிறகு பெரிய குழுக்களின் பேருந்துகளில் தூங்கி எழுந்து, கடைசியில் தன் பெயரிலேயே தட்டுகள் போட்டவர். பாரிசிலும் ஒசாகாவிலும் கிழவர்கள் அந்த ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு வந்து நிற்பார்கள். அன்று என்ன நினைத்துக்கொண்டு ஊதினீர்கள் என்று கேட்பார்கள். புதிதாக வாங்கிய செருப்பு கடித்தது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் கேட்கிற முகங்களைப் பார்த்தால் அதைச் சொல்ல மனம் வராது. வீட்டை நினைத்துக்கொண்டேன் என்பார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. வீட்டில் மனைவி இனெஸ் ஒரு வயதுக் குழந்தையோடு இருந்தாள். அந்தக் குழந்தைதான் ஒடெட்.

இப்போது ஒடெட் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை. சனிக்கிழமைகளில் ஃப்ரெஞ்ச்மென் தெருவின் இசை விடுதிகளில் பாடுகிறாள். அந்தத் தட்டில் அப்பா ஊதிய வளைவு நெளிவு அத்தனைக்கும் ஸ்வரம் தவறாமல் வார்த்தை எழுதி வைத்திருந்தாள். எத்தனை வருஷமாக எழுதினாள் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்ட ஒரு கம்பெனி தட்டு போட ஒத்துக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு முதல் தட்டு. ஒரே நிபந்தனை, அட்டையில் அப்பாவின் பெயரும் இருக்க வேண்டும். பழைய தட்டின் மூல நாடாவும் இப்போது அந்தக் கம்பெனி கையில்தான் இருந்தது; அதிலிருந்துதான் வெண்டல் அவர் ஊதியதை எடுத்து ஒட்டியிருந்தான்.

எவரிஸ்ட் எழுந்தார். "என் பேரைப் போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

முற்றத்தில் வெயில் ஈரத்துணி மாதிரி வந்து முகத்தில் ஒட்டியது. அத்தி மரத்தடியில் பழங்கள் விழுந்து குளவி மொய்த்துக்கிடந்தது. அவருக்குக் கோபம் யார் மேல் என்று பிடிபடவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தார், அது நிற்கவில்லை. ஊதியது அவரேதான். வேறொருவன் ஊதியதை அவர் தலையில் கட்டியிருந்தால் சண்டை போடலாம். தன்னையே கொண்டுவந்து தன் இடத்தில் உட்காரவைத்ததற்கு என்னவென்று சண்டை போடுவது? அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. கேட்ட அந்த நிமிஷத்தில் அவருக்கு அது பிடித்திருந்தது. அவன் எவ்வளவு நன்றாக ஊதுகிறான் என்று பொறாமையாக இருந்தது.

கதவு சத்தம் கேட்டது. ஒடெட் படியிலேயே நின்றாள்.

"பேரு இல்லன்னா தட்டு இல்ல. அது தெரிஞ்சுதான சொன்னீங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் அத்தி மரத்தின் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கெழம நீங்க ஊதிட்டுப் போன பிறகு நாங்க இருந்து கேட்டோம். ஹோமர் மாமா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அத எப்படி நான் வெளியிடுறது? நாலு பேரு கேட்டு, பாவம் கெழவன்னு சொல்லணுமா?"

"சொல்லட்டுமே."

"ஒங்களுக்கென்ன, சொல்லட்டும்பீங்க." அவள் குரல் சட்டென்று மேலே போனது. "ஒங்களுக்குத்தான் ரயில் பொட்டி நிறையத் தட்டு இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்." அடுத்து வந்தது வேறு ஒரு குரல். சின்ன வயதிலிருந்து அவரை விருந்தாளியைக் கூப்பிடுவது மாதிரி நீங்க என்றே கூப்பிட்டு வந்தவள். "நீ எங்க இருந்த? அம்மா கோவமா இருந்தா அந்தத் தட்டத்தான் போடுவா. அழுதாலும் அதத்தான் போடுவா. எனக்கு அப்பான்னா அந்தச் சத்தம். வருஷத்துக்கு ஒருவாட்டி கார்னிவல் திருவிழாவுக்கு நீ வந்து நிக்கிறப்ப யாரு இந்த ஆளுன்னு பயமா இருக்கும். நான் அந்தச் சத்தத்தோடதான் பாடணும்னு இருந்தேன். ஒன்னோட இல்ல."

சொல்லி முடித்ததும் அவளே பயந்துபோன மாதிரி வாயில் கை வைத்தாள்.

எவரிஸ்ட் காலடியில் நசுங்கிக்கிடந்த ஒரு பழத்தைச் செருப்பு நுனியால் ஓரமாகத் தள்ளினார். இப்படி ஒன்று வரும் என்று பல வருஷமாகக் காத்திருந்தது போலவும் இருந்தது, வரவே வராது என்று நம்பியிருந்தது போலவும் இருந்தது.

"சரி," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அவன் ஒனக்காக ஊதல ஒடெட். அவனுக்கு ஒன்னத் தெரியாது. தூக்கிக்கூடப் பாத்ததில்ல சரியா. வியாழக்கெழம ஊதுன ஆளு ஒன்னப் பாத்துக்கிட்டே ஊதினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்ன. பாத்துட்டுத்தான் அந்த எடத்துக்கு ஏறினேன்."

"ஆனா ஒடஞ்சுபோச்சே அப்பா."

"ஒடஞ்சுதான் போச்சு."

உள்ளேயிருந்து ஹோமர் பியானோவில் ஏதோ ஒன்றைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

"சுருதிய எறக்கிப் பாத்தா?" என்றார் எவரிஸ்ட். "நல்லா எறக்கி. மேல போக வேண்டாம் நான். கீழயே ஊதுறேன். கீழ எனக்கு இன்னும் இருக்கு."

"கீழ எனக்கு இல்லியே. அவ்வளவு எறக்குனா நான் முங்கிருவேன்."

"தெரியும்."

அவள் உள்ளே போனாள். அவர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பியானோ அதே பாட்டை எடுத்தது. நாலு படி கீழே.

அவர் டிராம்போனை எடுத்துக்கொண்டு மைக் முன் நின்றபோது ஹோமர் அவரைப் பார்க்காமல், "பல்லக் கழட்டிப் பையில வச்சிருக்கியா, மாட்டியிருக்கியா?" என்றார்.

"மாட்டித்தான் இருக்கேன். ஒன் காதுதான் கழண்டிருக்கு."

வெண்டல் கையை உயர்த்தினான். ஒடெட் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். முதல் அடி சமாளித்தாள். இரண்டாவது அடியில் குரல் தரையில் உரசியது. மினுக்கெல்லாம் போய், சளி பிடித்தவள் பேசுகிற மாதிரி, வேலை முடிந்து படியேறி வந்தவள் சாவியைத் தேடுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. இத்தனை நாள் மேடையில் அவள் அதை யாருக்கும் காட்டியதில்லை. எவரிஸ்ட் வாயின் ஓரத்தால் காற்றை இழுத்தார். துணி கிழிந்தது. ஏறுகிற இடம் வந்தபோது அவர் ஏறவில்லை, எதிர்ப்பக்கமாக இறங்கினார். இழுகுழலைக் கை நீளத்துக்கும் தள்ளி, அடியில் போய், உதடு நடுங்க ஒரு ஸ்வரத்தில் நின்றார். அது சுத்தமாக இல்லை. ஓரத்தில் காற்று ஒழுகியது. ஆனால் உடையவில்லை. அவள் அங்கேயே வந்து சேர வேண்டும். அவள் இறங்கினாள், பாதி வார்த்தையில் குரல் நின்றுபோனது, வெறும் மூச்சு மட்டும் வந்தது. வெண்டலின் கை நிறுத்தப் போனது. ஒடெட் கண்ணைத் திறக்காமலே விரலை ஆட்டி வேண்டாம் என்றாள். மீதியைப் பாடி முடித்தாள்.

முடிந்த பிறகு யாரும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லவில்லை.

வெண்டல் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். முதலில் பழைய மூச்சோடு இருந்தது. ஒடெட் அதன் மேல் பறவை மாதிரிப் பறந்தாள். அழகாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. பிறகு இப்போது பாடியது. அது ஓடி முடியும்வரை ஹோமர் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒடெட்டின் முகத்தில் எவரிஸ்ட் தேடியது ஒன்றும் கிடைக்கவில்லை. தன் குரலை அப்படிக் கேட்பது அவளுக்கு அருவருப்பாக இருந்திருக்கலாம். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம்.

"கம்பெனிக்கு எத அனுப்புறது?" வெண்டல் மெதுவாகத்தான் கேட்டான். "நாளைக்குள்ள கேக்குறாங்க."

எல்லாரும் எவரிஸ்டைப் பார்த்தார்கள். பழையதை அழி என்று அவர் சொன்னால் அழித்துவிடுவார்கள். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது.

"அவ பாட்டு," என்றார். "எத வச்சாலும் என் பேரப் போட்டுக்கங்க."

ஒடெட் பையைத் தோளில் மாட்டினாள். அவர் பக்கத்தில் வந்து ஒரு நொடி நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் நிமிர்ந்தார். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நேராக எடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

டிராம்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூட அவருக்கு நேரமாயிற்று. தெருப்பக்கம் வந்தபோது ஒடெட்டின் கார் கிளம்பாமல் எதிர்வரிசையிலேயே நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே அவள் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது. பாடிக்கொண்டிருந்தாள்.

எவரிஸ்ட் படியில் அப்படியே நின்றார். சத்தம் வரவில்லை. ஆனால் உதடு போகிற போக்கில் எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்தது. ஏறுகிற இடத்துக்கு இன்னும் நாலைந்து வார்த்தைதான். மேலே போகிறவர்களுக்கு மோவாய் நிமிரும். கீழே போகிறவர்களுக்குக் கழுத்துக்குள் இறங்கும். அவர் பெட்டியைக் கீழே வைக்காமல், கண்ணை இடுக்கிக்கொண்டு, அவள் மோவாயையே பார்த்தார். அவள் மூச்சை இழுத்தாள். தோள் இரண்டும் உயர்ந்தன. காரின் முன்கண்ணாடியில் சாயங்கால வெயில் வந்து விழுந்து, காருக்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது.