பத்து நிமிசக் கட்டளை

வெள்ளவத்தை லொட்ஜில என்ர அறைதான் என்ர ஒபிஸ். கொட்டாஞ்சேனை ஸவாஹிர் நானாதான் முதலாளி. அவரின்ர வெப்சைட்டுகள் ஓடுற சேர்வர் அமெரிக்காவில. அண்டைக்குக் காலமை, அதுக்குள்ள ஆரை விடுறது, ஆரை மறிக்கிறது எண்டு சொல்லுற ஃபயர்வோல் விதிகளை மாத்தினன். என்னை விடுற வரியைப் போட முன்னம், எல்லாரையும் மறிக்கிற வரியைப் போட்டிட்டன். நானும் வெளியில, சைட்டுகளும் விழுந்திட்டுது.

அந்த நேரம் பாத்துப் பொலிஸ் சுற்றிவளைப்பு. லொட்ஜில இருந்த எல்லாரையும் ரோட்டில இறக்கி வரிசையில விட்டாங்கள். நானா தந்த வேலைக் கடிதத்தாலதான், வடக்கில இருந்து வந்த எனக்குக் கொழும்பில தங்கப் பொலிஸ் பதிவு. வேலை போனால் அதுவும் போயிடும்.

போன் அடிச்சுது.

"என்ன மகன், சைட் ஒண்டும் வருதில்ல. தூங்குறியா?"

"பத்து நிமிசம் பொறுங்கோ நானா."

ஃபயர்வோலில கை வைக்க முன்னம், பத்து நிமிசத்தில பழைய விதிகளைத் தானாத் திருப்பிப் போடுற கட்டளை ஒண்டை ஓட விட்டிட்டுத்தான் தொடங்குவன். கரண்ட் எப்ப போகும், ஆர் வந்து கதவைத் தட்டுவினம் எண்டு தெரியாத இடத்தில வந்த பழக்கம். அண்டைக்கும் அதை ஓட விட்டிருந்தன்.

திரும்பவும் நானா.

"வந்திட்டு மகன்! என்னத்தச் செஞ்ச?"

"ஒண்டும் செய்யேல்லை நானா. ரோட்டில நிக்கிறன், செக்கிங்."

"அல்லாஹ்! எப்ப விடுவானுகள்?"

எனக்கு முன்னால அறுபது பேர். எங்கட அடையாள அட்டைகள் எல்லாத்தையும் ஒரு கையில பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால பொலிஸ்காரன் தேத்தண்ணி குடிக்கிறான்.

"தெரியாது நானா" எண்டன்.