மைக் அணைந்திருந்த ஏழு நிமிடங்கள்

பேராசிரியர் வ்ரியோனிஸுக்கு நோயாளியைவிடக் கேமராதான் முக்கியம். அன்று எங்கள் கிரேக்க நகரம் தெசலோனிக்கியில் இதய மருத்துவர் மாநாடு. எங்கள் மருத்துவமனை அறையில் அவர் அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைப்பதை நானூறு பேர் அரங்கிலிருந்து நேரலையில் பார்த்தார்கள். அதற்காகத் தலைக்குச் சாயம் பூசி வந்திருந்தார். தொப்பிக்குள் ஒளிந்துகொள்ளப் போகிற முடிக்கு!

மேசையில் மீன் வியாபாரி பான்டெலிஸ். கருவிகள் நுழையும் மணிக்கட்டு மட்டும்தான் மரத்திருந்தது. ஆள் முழு விழிப்பு. அவருடைய இதய ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது.

"முதல்ல பலூனால விரிச்சுக்கலாம் சார்," என்றாள் உதவி மருத்துவர் டெஸ்பினா.

"குடுத்ததே பதினஞ்சு நிமிஷம். நீ பேசாம பாரும்மா," என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

ஸ்டென்ட் பாதி வழியில் சிக்கியது. வெடுக்கென்று திரும்ப இழுத்தார். அதைச் சுமந்து போன பலூன் மட்டும் வந்தது. விரியாத ஸ்டென்ட் உள்ளேயே, மெல்லிய கம்பியில் கோத்தபடி தங்கிவிட்டது. நழுவினால் மாரடைப்பு வரலாம், அல்லது மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம்.

"மைக்க அணை! படத்தையும் நிறுத்து!" என்று என்மேல் பாய்ந்தார். நர்ஸ்தானே நான், அணைத்தேன். "ஐயோ, மாதாவே, போச்சு!" என்று அலறியவர் கம்பியை உருவப் போனார்.

டெஸ்பினா அவர் கையைப் பிடித்தாள். "கம்பிய உருவாதீங்க சார்! அது ஒண்ணுதான் ஸ்டென்ட்ட புடிச்சு வச்சிருக்கு."

"என்ன போச்சு? நானா?" என்றார் பான்டெலிஸ்.

"நீங்க எங்கயும் போகல அண்ணே. அசையாம படுங்க," என்றேன்.

இருப்பதிலேயே சிறிய பலூனை டெஸ்பினா அதே கம்பி வழியாக ஸ்டென்ட்டுக்குள் நுழைத்து, அப்பால் கொண்டுபோய் ஊதி, எல்லாவற்றையும் சேர்த்து மெல்ல இழுத்தாள். வந்துவிட்டது! பேராசிரியர் கைகட்டி நின்றார். அன்று அவர் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஏழு நிமிடம் கழித்து, மூச்சு வந்ததும் மைக்கையும் படத்தையும் போடச் சொன்னார்.

"நண்பர்களே, கழன்ற ஸ்டென்ட்ட எப்படி மீட்கிறதுன்னு காட்டத்தான் இப்படித் திட்டமிட்டேன்."

பான்டெலிஸ் தலையைத் தூக்கினார். "திட்டமா? 'மாதாவே, போச்சு'ன்னு கத்துனது யாரு? அந்தப் பொண்ணு கைய புடிக்கலன்னா என் பொண்டாட்டி இந்நேரம் விதவைக் கறுப்பு உடுத்தியிருப்பா!"

ஒலிபெருக்கியில் அரங்கின் சிரிப்பு வெடித்தது. மைக்கை அணைக்கச் சொல்லிப் பேராசிரியர் எனக்குக் கண்ணைக் காட்டினார், கையை ஆட்டினார்.

நான் மைக்கை டெஸ்பினாவின் பக்கம் திருப்பி வைத்தேன்.